கெட்டி போல்ட்

புயலில் மனைவியைப் பறிகொடுத்த ஏழாம் மாதம், டிராக்டர் மெக்கானிக் அடைக்கலம், சிற்றம்பல சாமியின் மடத்துக்குச் சீடராக வந்து சேர்ந்தார். சீடருக்கு வயது ஐம்பத்தாறு. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. முன்பு எங்கோ பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர் என்று பேச்சு. சீடரை அவர் "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார்.

அடைக்கலத்திடம் ஒரே கேள்விதான் இருந்தது.

"மாரிக்கண்ணு போனதுக்கு ஊரே அழுதுச்சு சாமி. கட்டுன எனக்கு ஒரு சொட்டு வரல. ஏன்?"

சாமி எழுந்து போய் மடத்துத் தென்னந்தோப்பைக் காட்டினார். விழுந்த மரங்களை எல்லாம் அறுத்து எடுத்தாகிவிட்டது. அடித்தூர்கள் மட்டும் நூற்றுக்கு மேல் அப்படியே நின்றன. கன்று வைக்க வேண்டும், இதை எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்.

அடைக்கலத்துக்கு ஏமாற்றம்தான். ஞானம் கேட்டு வந்தவனுக்குத் தோப்பு வேலையா என்று மனசுக்குள் முனகிக்கொண்டார். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அந்த மனிதருக்குக் கை சும்மா இருக்காது. பக்கத்து ஊர் உழவர் குழுவிடம் தூர் அரைக்கும் எந்திரம் ஒன்று இருந்தது. இரும்புப் பல் வைத்த பெரிய சக்கரம். டிராக்டருக்குப் பின்னால் மாட்டி, இன்ஜின் சுழற்சியைப் பின்னால் கடத்தும் பி.டி.ஓ. ஷாஃப்டால் சுழலவிட்டால் தூரைத் துருவித் தூளாக்கிவிடும். அதை இரவல் வாங்கி வந்தார்.

மாட்டுவது லேசாக இல்லை. மடத்தில் இருந்தது குட்டி டிராக்டர். எந்திரத்தோடு வந்த ஷாஃப்ட் அதற்கு ஒரு முழம் கூடுதல் நீளம். தன் பட்டறையில் கிடந்த பழைய ஷாஃப்ட் ஒன்றைக் கொண்டுவந்து, எந்திரத்தைத் தரையில் வைத்து ஒருமுறை, தூக்கி வைத்து ஒருமுறை அளந்தார். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்களையும் ஒரே அளவாக அறுத்து, அரத்தால் தேய்த்து, கிரீஸ் தடவிச் சொருகினார். பார்க்க அழகான வேலை.

பக்கத்தில் ஒரு டப்பா நிறையச் சின்ன போல்ட் இருந்தது. இத்தனை எதற்கு என்று சாமி கேட்டார்.

"ஷியர் போல்ட் சாமி. சக்கரம் எதுலயாச்சும் மாட்டிக்கிட்டா இது உடைஞ்சுரும். உடையட்டும்னே செஞ்சது. இது உடையலைன்னா கியர் பாக்ஸ் போயிரும்."

"உடைஞ்சா என்ன செய்வீங்க?"

"வண்டிய நிறுத்திட்டு, வேற போட்டுட்டு ஓட்டணும்."

முப்பது வருஷமாக எத்தனையோ குடியானவர்களுக்கு இதைச் சொல்லியிருக்கிறார். சின்ன போல்ட் அடிக்கடி உடைகிறதே என்று அந்த இடத்தில் கெட்டி போல்ட்டைப் போட்டு, கியர் பாக்ஸை உடைத்துக்கொண்டு வருகிறவர்களை அவர் சும்மா விட்டதே இல்லை.

முதல் நாள் நான்கு முறை உடைந்தது. இரண்டாம் நாள் ஏழு முறை.

உடைவதில்கூட அவருக்கு வருத்தமில்லை. இன்ஜினை நிறுத்தினால் தோப்பு ஓய்ந்துவிடும். அந்த ஓய்வில் மாரிக்கண்ணு வந்துவிடுவாள். அடுப்படிக் கொட்டகை, அதன் மேல் விழுந்து கிடந்த மரம், வெளியே தெரிந்த அவள் கால். அந்த மரத்தை அவரேதான் அறுத்து அவளை எடுத்தார். புயல் போன மூன்றாம் நாள், ரோட்டில் கிடந்த மரங்களை இழுத்துப்போட ஆள் வேண்டும் என்றார்கள். டிராக்டரில் ஏறி உட்கார்ந்தார். அன்றிலிருந்து ஏதாவது ஒரு வண்டியில் உட்கார்ந்தபடிதான் இருந்தார். கல்லு மாதிரி நிக்கிறான்யா என்று ஊர் மெச்சியது. அந்த மெச்சல் அவரை உள்ளுக்குள்ளே கொன்றது.

தோப்பு வேலையின் மூன்றாம் நாள் காலையிலேயே இரண்டு முறை உடைந்தது. மூன்றாம் முறை உடைந்தபோது அடைக்கலம் டப்பாவைத் தொடவில்லை. தன் சாமான் பெட்டியைத் திறந்து ஒரு கெட்டி போல்ட்டை எடுத்தார். என்ன செய்கிறோம் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். போட்டு முறுக்கிவிட்டு ஏறிக்கொண்டார்.

மத்தியானம் வரை எதுவும் உடையவில்லை. இருபது தூர் முடிந்தது. இன்ஜின் சத்தத்தில் அவருக்கு நிம்மதியாக இருந்தது.

இருபத்தோராவது தூருக்குள் பழைய எல்லைக்கல் ஒன்று புதைந்திருந்தது. வேர் வளர்ந்து அதை மூடியிருந்ததால் வெளியே தெரியவில்லை. சக்கரம் கல்லைக் கடித்தது. போல்ட் உடையவில்லை. எந்திரத்தின் கியர் பாக்ஸ் இரண்டாகப் பிளந்து, ஆயில் முழுக்கத் தூளில் கொட்டியது.

சத்தம் கேட்டு வந்த சாமி ஒரு வார்த்தை திட்டவில்லை. இரவல் வாங்கிய பொருள், குழுவுக்குத் தெரியப்படுத்த வேண்டும், நடந்ததை நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள் என்றார்.

அடைக்கலம் நாலாம் வகுப்போடு நின்றவர். டிராக்டர் நிழலில் உட்கார்ந்து, எழுத்துக்கூட்டி வெகுநேரம் எழுதினார்.

"ஐயா, போல்ட் உடையும் போதெல்லாம் இரங்க வேண்டி இருந்தது. எனக்கு இரங்க மனம் இல்லை. இரங்காமல் ஓட்டலாம் என்று கெட்டி போல்ட் போட்டேன். கியர் பாக்ஸ் உடைந்துவிட்டது. தப்பு என்னுடையது. அடைக்கலம்."

சாமி படித்தார். மறுபடியும் படித்தார்.

"பிழை இருந்தா சொல்லுங்க சாமி."

"மூணு இடத்துல சின்ன ர போட்டிருக்கீங்க அண்ணே."

"பெரிய ற-வா வரணும்?"

"வண்டிய விட்டுக் கீழ வர்றதுக்குப் பெரிய ற."

"சின்ன ர போட்டா?"

"போனவங்களுக்காக மனசு உருகுறது. போஸ்டர்ல இரங்கல்னு போடுவாங்களே, அது."

அடைக்கலம் தாளை வாங்கித் தன் கையெழுத்தைப் பார்த்தார். முதல் வரியை வாய்விட்டுப் படித்தார். இரண்டாவது வரியைப் படிக்க முடியவில்லை. விரல் மட்டும் அந்த எழுத்துகளின் மேல் ஊர்ந்தது.

பிறகு சாமியிடம் இருந்த பேனாவுக்குக் கை நீட்டினார்.

"குடுங்க சாமி, திருத்திடுறேன்" என்றார். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

சாமி பேனாவைக் கொடுக்கவில்லை.

"வேண்டாம் அண்ணே. சரியாத்தான் எழுதியிருக்கீங்க."