இடப்பக்க விமானம்

"மேடம், இன்னும் கொஞ்சம் தள்ளிப் பறக்கிறேன்" என்றார் ஞானதுரை.

"எதுக்கு?" என்றார் நப்பின்னை.

"ஜனங்க பயப்படுறாங்க."

நப்பின்னை விமானப்படையில் பெரிய சரக்கு விமானம் ஓட்டுகிறவர். மூன்று விமானங்களை ஒரே கட்டாக வானத்தில் கூட்டிப் போகத் தெரிந்தவர். அதைச் சொல்லிக் கொடுக்கவும் தெரிந்தவர். ஞானதுரை அவரைவிட வயதில் மூத்தவர். ஹெலிகாப்டரில் பாதிக் காலத்தை ஓட்டிவிட்டு, பெரிய விமானத்துக்கு மாறி, அவரிடம் பாடம் கேட்க வந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் விமானக் காட்சி. முன்னால் நப்பின்னை. அவருக்கு வலப்பக்கம் ஒருவர். இடப்பக்கம் ஞானதுரை.

அந்த இடப்பக்கத்துக்காக அவர் வெகுநாள் காத்திருந்தார். இப்போது அதுவே முள்ளாகக் குத்தியது.

செல்போனை நீட்டினார். அவருடைய மச்சான் அனுப்பிய வீடியோ. முதல் ஒத்திகையை யாரோ மணலில் நின்று எடுத்திருந்தார்கள். மூன்று பெரிய விமானங்கள் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு வருவதுபோல் இருந்தது.

"ஐயோ, உரசுது! உரசுது!" என்று ஒரு பெண் குரல்.

"இவனுங்களுக்கு எவன்டா லைசென்ஸ் குடுத்தான்? மினிபஸ் மாதிரி அணைக்கிறானுங்க!" என்று ஓர் ஆண் குரல்.

"இடப்பக்கம் வர்றது நான்னு வீட்டுல தெரியும், மேடம். பார்த்ததுலேர்ந்து யாருக்கும் சோறு இறங்கல."

"உரசுச்சா?"

"இல்ல."

"பொட்டு?"

"கலையல."

பொட்டு என்பது அவர்களாக வைத்துக்கொண்ட பெயர். நப்பின்னையின் விமானத்தில், இறக்கை நுனியில் ஒரு விளக்கு உண்டு. உடம்பில் ஒரு வட்டச் சின்னம் உண்டு. இடப்பக்க விமானத்திலிருந்து பார்த்தால், அந்த விளக்கு சின்னத்தின் நடுவில் நெற்றிப் பொட்டு மாதிரி உட்கார வேண்டும். உட்கார்ந்தால் இடம் சரி. நகர்ந்தால் இடம் தப்பு.

"எவ்வளவு தள்ளணும்?"

"நடுவுல இன்னும் ரெண்டு விமானம் நுழையற அளவுக்கு."

"எடுத்துக்கோங்க."

ஞானதுரை நிமிர்ந்து பார்த்தார். திட்டு விழும் என்று நினைத்து வந்திருந்தார். திட்டு விழாதது இன்னும் சங்கடமாக இருந்தது.

அடுத்த ஒத்திகையில் தள்ளியே பறந்தார்.

முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு, பொட்டு எள்ளாகச் சிறுத்துவிட்டதைக் கவனித்தார். அது நகர்வது தெரியவில்லை. தெரிந்தபோது நிறைய நகர்ந்திருந்தது. அவசரமாக உள்ளே இழுத்தார். அதிகமாக வந்துவிட்டது. வெளியே தள்ளினார். அதுவும் அதிகம்.

நடுவில் ஒரு தடவை கீழே பார்த்தார். மணல் முழுக்கத் தலைகள். மறுபடி பொட்டைத் தேட வேண்டியதாயிற்று.

"சார், ஊஞ்சலா ஆடுறோம்?" என்றாள் பக்கத்திலிருந்த துணை விமானி.

தரையிறங்கும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நப்பின்னை டீ குடிக்கப் போய்விட்டார்.

சாயங்காலம் மச்சானிடமிருந்து இன்னொரு வீடியோ வந்தது. அதைப் பார்த்த பிறகு ஞானதுரையால் உட்கார முடியவில்லை. நேராக நப்பின்னையிடம் போனார்.

"இதைக் கேளுங்க, மேடம்."

வீடியோவில் விசில் காதைக் கிழித்தது. "லெஃப்ட்ல வர்றவரைப் பாரு! டான்ஸ் ஆடுறாரு! நமக்கு டாட்டா காட்டுறாருடா! கெத்து!"

"டாட்டா!" என்றார் நப்பின்னை. சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். "வீட்டுல என்ன சொல்றாங்க?"

"இன்னைக்குத்தான் நல்லாப் பறந்தேனாம். என் மாமியார் கேசரி கிண்டிட்டாங்க."

"நல்லா இருந்துச்சா?"

"வாயில வைக்கல."

நப்பின்னை சிரிப்பை நிறுத்தினார்.

"துரை, ஞாயித்துக்கிழமை எங்க நிக்கிறீங்க? கிட்டவா, தள்ளியா? பறக்கவே வேண்டாம்னாலும் சொல்லுங்க. நாங்க ரெண்டு பேரா போயிக்கிறோம். யாரும் உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

ஞானதுரை செல்போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார்.

"பொட்டு பெருசாத் தெரியற இடத்துல" என்றார்.

"சரி."

ஞாயிற்றுக்கிழமை வானம் பளிச்சென்று இருந்தது. ஞானதுரை அருகே போனார். இன்னும் அருகே. நப்பின்னையின் விமானம் கண்ணாடி முழுக்க நிறைந்தது. சின்னத்தின் மேல் பெயின்ட் ஓரிடத்தில் உரிந்திருந்தது. இறக்கையில் ஆணிகள் வரிசையாகத் தெரிந்தன. இரண்டாவது இன்ஜினுக்குக் கீழே எண்ணெய் கசிந்த கோடு ஒன்று, வெயிலில் மினுங்கியது.

விளக்கு வந்து வட்டத்தின் நடுவில் உட்கார்ந்தது.

நகரப் பார்த்தது. விரல் நுனியால் பிடித்தார். உட்கார்ந்தது.

மறுபடி நகரப் பார்த்தது. பிடித்தார்.

காதில் நப்பின்னையின் குரல் கேட்டது.

"அவ்வளவுதான், துரை. விலகிக்கலாம். கூட்டத்தைத் தாண்டி வந்தாச்சு."

"கூட்டம் எப்ப வந்துச்சு, மேடம்?" என்றார் ஞானதுரை.