வேதவல்லி நுழையாத அறை

சாலிகிராமத்தில் நஸீமா என்றொரு பெண்மணி இருந்தார். சினிமாவுக்குப் பொய் ஆயுதம் செய்கிறவர். அச்சு எடுத்து, ரப்பர் ஊற்றி, சாயம் பூசி அவர் நீட்டுகிற கத்தியைத் தொட்டுப் பார்க்கும்வரை பொய் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

அவரிடம் தொழில் கற்க வந்தவர் இளங்கீரன். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். நஸீமாவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆனாலும் வாய் நிறைய "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார்.

பேய்ப்படங்களில் வரும் ஆயுதங்களின் நகல்களைச் சேர்ப்பதில் அவருக்குத் தீராத பித்து. கசாப்புக் கத்தி, முள்கம்பி சுற்றிய கட்டை, துருவேறியதுபோல் வண்ணம் பூசிய அரிவாள் என்று வீட்டில் ஓர் அறையே நிறைந்திருந்தது.

ஒருநாள் அவர் கேட்டார்.

"மாஸ்டர், என் மனைவி அம்மா வீட்டுக்குப் போறேன்னு பெட்டி கட்டி வெச்சிருக்கா. அந்த அறை இருக்கிற வீட்டுல இருக்க முடியாதாம். எல்லாம் ரப்பர். ஒரு வாழைப்பழத்தைக்கூட நறுக்காது. அப்புறம் எதைப் பார்த்துப் பயப்படறா?"

"வந்து பார்க்கறேன் சார்."

மறுநாள் மதியம் நஸீமா வந்தார். "வாங்க" என்று சொல்லிவிட்டு இளங்கீரனின் மனைவி வேதவல்லி சமையலறைக்குள் போய்விட்டாள். இளங்கீரன் மாஸ்டரை அறைக்குள் அழைத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்தார்.

"இதுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது?"

இளங்கீரன் ஒரு கோடரியை எடுத்தார். "இதுதான் மாஸ்டர். படத்துல அந்தக் கொலைகாரன் இதை வெச்சுக்கிட்டுக் கதவோரம் காத்திருப்பான். மூச்சு விடற சத்தம்கூடக் கேட்காது."

"எப்படி நிப்பான்?"

இளங்கீரனின் முகம் மலர்ந்தது. பேசிக்கொண்டே போய்க் கதவோரம் நின்றார். தோளைத் தாழ்த்தி, வலது கையை ஓங்கினார். பேச்சு நின்றுபோயிற்று. இமை அசையவில்லை.

வெளியே வளையல் சத்தம் நெருங்கி வந்தது. அவருடைய பிடரியில் ஏதோ ஒன்று இதமாக ஊர்ந்தது. அது பிடித்திருந்தது.

"காபி..." என்றபடி வேதவல்லி வாசற்படியில் வந்து நின்றாள். அவரைப் பார்த்தாள். டம்ளர்கள் தரையில் உருண்டன. பின்வாங்கியவள் எதிர்ச் சுவரில் முதுகு முட்டி நின்றாள்.

"ஏய் வேதா! ரப்பர்தான்மா. இங்க பாரு."

காட்டுவதற்காகக் கையை நீட்டினார்.

கையில் ஒன்றும் இல்லை. ஐந்து விரல்களும் வெறுங்காற்றை இறுகப் பற்றியிருந்தன. விரிக்கப் பார்த்தார். உடனே விரியவில்லை.

திரும்பினார். கோடரி நஸீமாவின் மடியில் கிடந்தது.

"எப்ப பிடுங்கினீங்க மாஸ்டர்?"

"நான் பிடுங்கலையே சார்," என்றார் நஸீமா. "கதவோரம் போறதுக்கு முன்னாடி நீங்களேதான் என்கிட்ட குடுத்துட்டுப் போனீங்க."