அபாரமான யோசனை

மந்திரிசபைக் கூட்டங்களின் பேச்சையெல்லாம் ஊட்டி, யோசனை சொல்லும் மிஷின் ஒன்றைச் செய்து அதிபரிடம் கொண்டுவந்தார் அறிவியல் ஆலோசகர் அகோரமூர்த்தி. மந்திரிகள் கைதட்டினார்கள்.

"கடலுக்குக் கூரை போடலாமா?" என்று அதிபர் கேட்டார்.

"அபாரமான யோசனை! இன்றே தொடங்கலாம்" என்றது மிஷின்.

அதிபருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "டீ போடுகிறவளை நிறுத்திவிட்டு அந்த வேலையையும் உனக்கே கொடுக்கலாமா?"

"அபாரமான யோசனை! இன்றே தொடங்கலாம்."

டீத் தட்டோடு நின்ற சிட்டம்மாள், "போறேனுங்க. போறதுக்கு முன்னாடி நானும் ஒண்ணு கேட்டுக்கறேன்" என்றாள். அதிபர் சிரித்தபடி தலையாட்டினார்.

"ஐயா நாற்காலியில இனிமே ஆலோசகரே உட்காரலாமா?"

"அபாரமான யோசனை! இன்றே தொடங்கலாம்."

அகோரமூர்த்தி பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். "கோளாறு ஐயா, கோளாறு!"

"அதைத் திட்டாதீங்க. இந்த ரூம் பேச்சைக் கேட்டுத்தானே வளர்ந்துச்சு" என்றாள் சிட்டம்மாள்.

அதிபர் மந்திரிகள் பக்கம் திரும்பினார். "இவளையே ஆலோசகராக்கிவிடலாமா?"

மந்திரிகள் ஒரே குரலில் சொன்னார்கள்: "அபாரமான யோசனை! இன்றே தொடங்கலாம்!"