ஜீப்புகள் சூழ்ந்த சிங்கம்

ஆப்பிரிக்காவின் பெரிய புல்வெளி ஒன்றில் பொன்பிடரி என்ற சிங்கம் வாழ்ந்தது. அதைப் பார்க்கத் தினமும் சுற்றுலா ஜீப்புகள் வரும். ஓர் ஓட்டுநர் கண்ணில் சிங்கம் பட்டால் போதும், உடனே வயர்லெஸ்ஸில் மற்ற எல்லோருக்கும் சொல்லிவிடுவார். கொஞ்ச நேரத்தில் ஏழெட்டு ஜீப்புகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நிற்கும்.

பொன்பிடரிக்குத் தலைகால் புரியவில்லை. கேமராவைக் கண்டால் பிடரியைச் சிலிர்க்கும். இடப்பக்க முகம்தான் அழகு என்று அதற்கு ஒரு நினைப்பு. வலப்பக்கம் வந்து நிற்கும் ஜீப்பைப் பார்த்து முகம் சுளிக்கும்!

வேட்டைக்குப் போனாலும் ஜீப்புகள் விடாமல் பின்னாலேயே போகும். ஒரு முயல்கூடச் சிக்காது.

"இன்றும் வெறும் வாயோடு வந்தீர்களா? குட்டிகளின் வயிறு ஒட்டிப்போய்விட்டது!" என்றது பெண் சிங்கம் மின்னி.

"நான் என்ன செய்வேன்? இந்த மனிதர்கள் என்னை விடமாட்டேன் என்கிறார்களே!" என்று பெருமையோடு அலுத்துக்கொண்டது பொன்பிடரி.

கடைக்குட்டியால் எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. மின்னிக்குப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது. புல்லுக்குள் பதுங்கியபடி வரிக்குதிரைக் கூட்டத்தை நெருங்கியது.

அப்போது வரிக்குதிரைத் தலைவன் பேசுவது காதில் விழுந்தது. "ஜீப்புகள் எங்கே நிற்கின்றன? வேலமரத்தடியிலா? அப்படியானால் எல்லோரும் ஓடைப் பக்கம் போங்கள்! ஜீப் நிற்கும் இடத்தில்தான் சிங்கம் இருக்கும். இனிமேல் மோப்பம் பிடித்து மூக்கு வலிக்க வேண்டியதே இல்லை!"

மின்னி சத்தமில்லாமல் திரும்பி வந்தது.

மறுநாள் மாலை அது பொன்பிடரியிடம், "இந்த வெயிலில் குன்றின் மேல் நின்றால் உங்கள் பிடரி எப்படி ஜொலிக்கும் தெரியுமா!" என்றது.

"அப்படியா? இதை ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று ஒரே ஓட்டமாக ஓடியது பொன்பிடரி.

ஜீப்புகள் எல்லாம் குன்றடியில் கூடின. "சிங்கம் குன்றில் இருக்கிறது! ஓடைக்கு வாருங்கள்!" என்று வரிக்குதிரைத் தலைவன் கூவியது. வரிக்குதிரைகள் மூக்கைக்கூட உயர்த்தாமல் ஓடையில் இறங்கின. அங்கே நாணலுக்குள் மின்னி காத்திருந்தது. அதைப் படமெடுக்க ஒரு ஜீப்பும் வரவில்லை. ஒரே பாய்ச்சல்தான்!

பொழுது சாயும்போது பொன்பிடரி மிடுக்காக வீடு திரும்பியது. கடைக்குட்டி எழுந்து நின்று, பெரிய கறித்துண்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

"அடேயப்பா, வரிக்குதிரையா! எப்படிப் பிடித்தாய்?"

"எல்லாம் உங்கள் புகழால்தான்!" என்றது மின்னி.

"நான் அப்போதே நினைத்தேன்!" என்றது பொன்பிடரி, வாய் நிறையக் கறியோடு.

தங்களைக் காட்டிக்கொண்டு நிற்பவர்களுக்குக் கூட்டம் சேரும். ஆனால் சத்தமில்லாமல் காரியம் பார்ப்பவர்களால்தான் வீட்டில் வயிறு நிறையும்.