ஒரு சொட்டும் குடிக்காத பெட்ரோல் கார்

உடுமலைக்குக் கிழக்கே, காற்றாலைகளுக்கு நடுவில் கருக்கம்பாளையம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் யோசிக்காமல் எதையும் செய்யமாட்டார்கள். காற்றாலைகள் வந்த புதிதில், இத்தனை பெரிய ஃபேன் போட்டும் ஊருக்குள் புழுக்கம் குறையவில்லையே என்று நன்றாக யோசித்தார்கள். பிறகு ஆளுக்கொரு கட்டிலைத் தூக்கிக்கொண்டுபோய் காற்றாலைக்கு அடியில் போட்டுப் படுத்தார்கள். காற்று பிரமாதமாக வந்தது. யோசித்துச் செய்தால் தப்பே வராது என்ற நம்பிக்கை அன்றிலிருந்து அவர்களுக்கு வலுத்துவிட்டது.

அந்த ஊரிலிருந்து நூல் மில்லுக்கு வேலைக்குப் போகிறவர்கள் நான்கு பேர். நால்வரில் பெரியவர் சென்னியப்பன். உடம்பிலும் அவர்தான் பெரியவர். அடுத்தவர் நாச்சிமுத்து, முன்பு டிராக்டர் ஓட்டியவர். மூன்றாவது ஆள் தங்கவேல். நான்காவது திருமூர்த்தி.

திருமூர்த்தியிடம் கார் ஓட்டும் லைசென்ஸ் இருந்தது. கார் இல்லை. லைசென்ஸைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தான். தினமும் மில்லுக்குப் போகும் மினி பஸ்ஸில், உட்கார இடம் கிடைத்தாலும் உட்காரமாட்டான். டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, ஸ்டீயரிங்மேல் இருக்கும் கைகளையே பார்த்துக்கொண்டு வருவான். அவை இடப்பக்கம் திரும்பினால் இவன் விரல்களும் கம்பியின்மேல் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பும். ஒரு நாளாவது அந்த ரோட்டில் நம் கையில் ஸ்டீயரிங் இருக்கவேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை இல்லை.

ஆகவே நான்கு பேரும் கூட்டுச் சேர்ந்து ஒரு கார் வாங்கலாம் என்று சென்னியப்பன் சொன்ன அன்று திருமூர்த்தி இரண்டு வேளை சாப்பிட மறந்துபோனான். சாப்பிட்டோமா இல்லையா என்று யோசித்ததில் மூன்றாவது வேளையும் போய்விட்டது.

பழைய கார் விற்கும் வெள்ளிங்கிரியிடம் அப்போது இரண்டு கார்கள் இருந்தன. ஒரே கம்பெனி, ஒரே வெள்ளை நிறம். ஒன்று டீசல், ஒன்று பெட்ரோல். வெள்ளிங்கிரி ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இரண்டு சாவிகளையும் சென்னியப்பன் கையில் கொடுத்துவிட்டு, ஓட்டிப் பார்த்துச் சாயங்காலத்துக்குள் முடிவு சொல்லவேண்டும், பொள்ளாச்சியிலிருந்து ஒரு பார்ட்டி இரண்டையும் கேட்டுக்கொண்டிருக்கிறது என்றார். அதைக் கேட்டதும் திருமூர்த்தி, சூரியன் எங்கே இருக்கிறது என்று அண்ணாந்து பார்த்தான். முடிவு எடுப்பதில் அந்த மூன்று பேருக்கும் இருந்த பொறுமையை அவன் அறிவான்.

வெள்ளிங்கிரி வண்டியில் ஏறும்போது யோசனையும் சொன்னார்.

"ரெண்டையும் ஒரே ரோட்டுல, ஒரே நேரத்துல, ஒரே வேகத்துல, ஒரே பாரத்தோட ஓட்டிப் பாருங்க. தெனமும் வேலைக்குப் போற மாதிரியே போங்க. ரெண்டு டேங்கையும் ரொப்பிட்டுப் போய், திரும்பி வந்து மறுபடி ரொப்புனா எது எவ்வளவு குடிச்சுதுன்னு தெரிஞ்சுபோயிரும். அப்பறம் முக்கியமா, ஓட்டறவன் மூஞ்சியப் பாருங்க. சந்தோசம் அதுலதான் தெரியும்."

"சரீங்க," என்றார் சென்னியப்பன். சொன்னதில் ஒரு வார்த்தைகூடச் சிந்தாமல் நான்கு பேரும் வாங்கிக்கொண்டார்கள்.

பங்க்கில் இரண்டு டேங்கையும் வாய்வரை நிரப்பினார்கள். அடுத்தது பாரம். டீசல் காரை நாச்சிமுத்து ஓட்டுவது, பக்கத்தில் சென்னியப்பன் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்ப்பது. பெட்ரோல் காரைத் திருமூர்த்தி ஓட்டுவது, அவன் முகத்தைத் தங்கவேல் பார்ப்பது. ஆனால் சென்னியப்பன் உட்கார்ந்ததும் டீசல் கார் ஒரு சாண் இறங்கியது. தங்கவேல் உட்கார்ந்தபோது பெட்ரோல் காருக்கு அவன் ஏறியதே தெரியவில்லை. எனவே பெட்ரோல் கார் அதே சாண் இறங்கும்வரை பின்சீட்டில் தேங்காய்களை அடுக்கினார்கள். நடுவில் சென்னியப்பன் ஒரு டீ குடித்துவிட்டார். பாரம் கூடிவிட்டதே என்று தேங்காய்களுக்குப் பக்கத்திலும் ஒரு டீ வாங்கி வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் பனைமரத்துக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டு வந்தார். தங்கவேல் அந்த டீயை எடுத்து வெளியே ஊற்றினான். நியாயம் என்றால் நியாயம்.

அடுத்தது சந்தோஷம். அதை எதோடு ஒப்பிடுவது என்று கேள்வி வந்தது. ஓட்டுகிற இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு ஜிலேபி கொடுத்து, தின்னும்போது முகம் எப்படிப் போகிறது என்று குறித்துக்கொண்டார்கள். திருமூர்த்தியின் கண் சுருங்கியது, கன்னம் உப்பியது. நாச்சிமுத்துவின் முகத்தில் எதுவும் நடக்கவில்லை.

"அவனுக்குக் கல்யாணப் போட்டோவுலயும் இதே மூஞ்சிதான்," என்றார் சென்னியப்பன்.

"அப்ப டீசல்ல சந்தோசத்த எப்படிக் கண்டுபிடிக்கறதுங்கண்ணா?" என்று கேட்டான் தங்கவேல்.

"கண்டுபிடிக்க முடியலீன்னா இல்லைன்னுதான் அர்த்தம். எழவு, எல்லாத்தையும் நானே சொல்லோணும்."

இரண்டு கார்களும் ரோட்டுக்கு வந்தன. ஒரே ரோடு, ஒரே நேரம் என்பதால் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். ரோடு முழுவதும் அடைபட்டது. எதிரே வந்த வைக்கோல் வண்டிக்காரர் சொன்னவற்றை இங்கே எழுதுவதற்கில்லை. சரி, ஒன்றன்பின் ஒன்றாகப் போகலாம் என்றார்கள். அதிலும் தங்கவேலுக்கு ஒரு சந்தேகம்.

"முன்னால போறது கொஞ்சம் வேகமாப் போயி, பின்னால வர்றது கொஞ்சம் மெதுவா வந்துதுன்னா? ஒரே வேகம்னு சொன்னாரே."

நான்கு பேரும் காரைவிட்டு இறங்கி, ரோட்டோரம் குத்தவைத்து உட்கார்ந்து யோசித்தார்கள். வெயில் ஏறியது. சாயங்காலம் வந்துவிடுமோ என்று திருமூர்த்திக்குப் பயமாக இருந்தது. கடைசியில் நாச்சிமுத்து எழுந்து, பக்கத்துத் தோட்டத்தில் போய் ஒரு கிணற்றுக் கயிற்றோடு திரும்பி வந்தார். ஒரு முனையை டீசல் காரின் பின்பக்கத்திலும் மறுமுனையைப் பெட்ரோல் காரின் முன்பக்கத்திலும் கட்டினார். இனி எது ஓடினாலும் மற்றது அதே வேகத்தில்தான் ஓடியாகவேண்டும். இது தனக்கு ஏன் தோன்றவில்லை என்று சென்னியப்பன் கொஞ்சம் வருத்தப்பட்டார்.

திருமூர்த்தி சாவியைப் பாதி திருப்பி ஸ்டீயரிங் பூட்டை விடுவித்தான். மீதியைத் திருப்பச் சென்னியப்பன் சொல்லவேண்டும் என்று காத்திருந்தான். எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கவேண்டும் அல்லவா. அண்ணன் குரல் வரவில்லை. ஆனால் கார் நகர்ந்தது.

அவன் அப்படி ஒரு சுகத்தை எதிர்பார்க்கவே இல்லை. சத்தம் இல்லை. நடுக்கம் இல்லை. கியர் மாற்ற வேண்டியதில்லை. டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்த கிளட்சு, ஆக்ஸிலரேட்டர் எதற்குமே வேலை இல்லை. மேட்டில்கூட ஓசைப்படாமல் ஏறியது. ஸ்டீயரிங் மட்டும் கெட்டியாக இருந்தது. நல்ல பொருளெல்லாம் கொஞ்சம் கெட்டியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். இரண்டு பக்கமும் காற்றாலைகள் மெதுவாகச் சுற்றின. அவன் கண் சுருங்கியது, கன்னம் உப்பியது.

"ஜிலேபியத் தாண்டிப் போயிட்டே இருக்குது," என்றான் தங்கவேல், திருமூர்த்தியின் மூக்குக்கு முன்னால் முகத்தை வைத்துக்கொண்டு.

தினமும் போகிற மாதிரியே போகச் சொல்லியிருந்ததால், மினி பஸ் நிற்கும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றார்கள். ஆள் இறங்கட்டும் என்று காத்திருந்தார்கள். யாரும் இறங்காததை உறுதிப்படுத்திக்கொண்டு தங்கவேல் விசில் ஊதினான். தினமும் நின்றுகொண்டுதானே போகிறோம் என்று சென்னியப்பன் சீட்டில் உட்காராமல், மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துப் பாதி எழுந்த நிலையிலேயே வந்தார். ஒவ்வொரு முறை நின்றபோதும் பெட்ரோல் கார் வந்து டீசல் காரின் முதுகில் லேசாக முட்டியது.

"பெட்ரோலுக்குத் துடிப்பு ஜாஸ்தி. டீசல்தான் வழிய மறிக்குது," என்றான் தங்கவேல்.

ஞாயிற்றுக்கிழமை ஆனதால் மில் கேட் பூட்டியிருந்தது. கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பினார்கள். வழிநெடுக டீசல் கார் முக்கி முனகி, கறுப்பாகப் புகைவிட்டது. பங்க்கில் இறங்கிய நாச்சிமுத்து அதே முகத்தோடு சொன்னார்:

"டீசல் சரியில்லீங்கண்ணா. யாரோ பின்னால புடிச்சு இழுக்கற மாதிரியே இருக்குது."

டேங்குகளை மறுபடி நிரப்பினார்கள். டீசல் கார் நிறையக் குடித்தது. பெட்ரோல் காரில் குழாயை வைத்தவுடனே வழிந்தது. பங்க்கில் வேலை செய்த பெண் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டேங்க் நிறைந்துதான் இருக்கிறது, இஞ்சின்கூடச் சூடாகவில்லையே, இது எங்கேயாவது போய்வந்ததா என்று கேட்டாள்.

"மில்லு வரைக்கும்," என்றார் சென்னியப்பன் பெருமையாக.

ஆனால் திருமூர்த்தி நேர்மையானவன். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு அவனால் நிற்க முடியாது. சொன்னால் கார் கையைவிட்டுப் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. சொல்லாவிட்டால் தூக்கம் வராது. மென்று விழுங்கிச் சொல்லிவிட்டான்.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. நான் வண்டிய ஸ்டார்ட்டே பண்ணல. நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். நீங்க சொல்லவே இல்ல."

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டு இரண்டு கார்களையும் ஒருமுறை சுற்றிவந்தார். திருமூர்த்தி சட்டைப்பையில் இருந்த லைசென்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"நாச்சிமுத்து, நீ ஸ்டார்ட் பண்ணுனயா?"

"பண்ணாம எப்படிங்கண்ணா போகும்?"

"கேட்டுக்குங்க. டீசல் ஸ்டார்ட் பண்ணுனாத்தான் போகுது. பெட்ரோல் ஸ்டார்ட் பண்ணாமயே போகுது. இதுக்கு மேல என்னத்தடா யோசிக்கறது?"

சாயங்காலத்துக்கு முன்பே பெட்ரோல் காரை வாங்கிவிட்டார்கள். வெள்ளிங்கிரி கல்யாணச் சாப்பாட்டு மயக்கத்தில் இருந்ததால், எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை நான்கு பேரும் குளித்து, திருநீறு பூசிக் காரில் ஏறினார்கள். திருமூர்த்தி சாவியைப் பாதி திருப்பிவிட்டு, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். கார் நகரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தார்கள். பக்கத்து வீட்டு ஆடு வந்து டயரில் முதுகைத் தேய்த்துவிட்டுப் போனது.

தங்கவேல் சாவியை முழுதாகத் திருப்பிப் பார்க்கலாமா என்று கேட்டான். மற்ற மூன்று பேரும் அவனைப் பார்த்த பார்வையில் அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நேத்து ஓடுச்சு, இன்னிக்கு ஓடல. நேத்து இருந்தது இன்னிக்கு எது இல்ல?" என்றார் சென்னியப்பன்.

தேங்காய் இல்லை என்றார் நாச்சிமுத்து. தேங்காயை ஏற்றினார்கள். கார் நகரவில்லை. ஜிலேபி இல்லை என்றான் தங்கவேல். திருமூர்த்திக்கு ஒரு ஜிலேபி வாங்கிக் கொடுத்தார்கள். நகரவில்லை. அப்போதுதான் திருமூர்த்திக்குப் பொறி தட்டியது.

"அண்ணா, கயிறு."

கயிறு வந்துவிட்டது. முன்னால் கட்டுவதற்கு டீசலில் ஓடும் வண்டி ஒன்று வேண்டும். அது தினமும் இதே நேரத்தில் இதே ரோட்டில் மில்லுக்குப் போகிற வண்டியாகவும் இருக்கவேண்டும். அப்படி ஒன்றுக்கு எங்கே போவது என்று அவர்கள் தவித்துக்கொண்டிருந்தபோது, பாட்டுப் போட்டுக்கொண்டு மினி பஸ் வந்து நின்றது.

கண்டக்டரும் கருக்கம்பாளையத்துக்காரர்தான். ஆகவே அவரும் யோசித்தார். படியில் தொங்குகிறவனுக்கு டிக்கெட் உண்டென்றால் கயிற்றில் தொங்குகிறவனுக்கும் உண்டு என்று தீர்ப்புச் சொல்லி, நான்கு டிக்கெட்டும் தேங்காய்க்கு ஒரு லக்கேஜும் கிழித்தார்.

அதன்பிறகு தினமும் அப்படித்தான். பஸ் முன்னால் போகும், கார் பின்னால் போகும். டிரைவரின் கைகள் திருமூர்த்திக்கு இப்போது தெரியாது. ஆனால் அதைப்பற்றி அவனுக்குக் கவலை இல்லை. அவன் கையிலேயே ஸ்டீயரிங் இருந்தது. கார் வாங்கிய சந்தோஷம் முழுவதும் ஒவ்வொரு காலையும் அவனுக்கு வந்து சேர்ந்தது. அதைத் தங்கவேல் தினமும் பக்கத்திலிருந்து சரிபார்த்தான்.

வியாழக்கிழமை, பாதி வழியில், மினி பஸ் இருமிவிட்டு நின்றது. டிரைவர் என்னென்னவோ செய்து பார்த்தார். கடைசியில் கண்டக்டர் விசில் ஊதி, பஸ்ஸில் இருக்கிற எல்லோரும் இறங்கித் தள்ளுங்கள் என்றார்.

தங்கவேல் கார்க் கதவைத் திறக்கப் போனான்.

"உக்காரு. பஸ்ஸுல இருக்கறவங்கன்னுதான் சொன்னாரு," என்றார் சென்னியப்பன்.

கீரைக் கூடையோடு சந்தைக்குப் போகும் பூவாத்தாள் கூடையைத் தன் சீட்டில் வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ள வந்தாள். வந்த இடத்தில் காரைப் பார்த்தாள். ஜன்னல் வழியாகத் தலையை விட்டாள்.

"ஏந்தம்பி, உங்க காரு நல்லாத்தான இருக்குது. கயித்த அவுத்துட்டு ஸ்டார்ட் பண்ணிப் போனா மில்லுக்கு நேரத்துக்குப் போயிரலாமல்லொ?"

"போலாமுங்கக்கா. ஆனா பெட்ரோல் செலவாயிருமுங்க. மைலேஜுக்காகத்தான இந்தக் காரையே எடுத்தோம்," என்றான் திருமூர்த்தி மரியாதையாக.

பூவாத்தாள் தலையை வெளியே எடுத்தாள். அவளும் கருக்கம்பாளையத்தவள்தான். யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் பட்டது. போய்ப் பஸ்ஸைத் தள்ளினாள்.

இருபக்கமும் ஆட்கள் கைவைக்க, பஸ் அசைந்தது. கயிறு விறைத்தது. கார் நகர்ந்தது. பஸ்ஸின் புகை இல்லை, சத்தம் இல்லை, பாட்டுக்கூட இல்லை. காற்றாலையின் இறக்கை சுற்றும் ஓசை மட்டும் கேட்டது. திருமூர்த்தியின் கன்னங்கள் கண்ணை மறைக்கும் அளவுக்கு உப்பிவிட்டதால், ரோடு தெரிகிறதா என்று தங்கவேல் கேட்கவேண்டியிருந்தது. சென்னியப்பன் முதன்முதலாகச் சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"கவனிச்சீங்களா? இப்ப டீசலும் செலவாகல," என்றார்.

அன்று சாயங்காலமே நான்கு பேரும் வெள்ளிங்கிரியைப் பார்க்கப் போனார்கள். காரில் ஏதாவது கோளாறா என்று அவர் பதறினார். கார் அருமை என்றார்கள். பிறகு சென்னியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, பெட்ரோல், டீசல் இரண்டையும் ஓட்டிப் பார்த்தாயிற்று, இரண்டையும்விட நிற்கிற வண்டிதான் சிக்கனம், ரிப்பேராகிப்போன பஸ் ஏதாவது கைவசம் இருந்தால் காட்டுங்கள், முடிந்தால் ஆட்களோடு, என்று கேட்டார்.

வெள்ளிங்கிரி பெஞ்சில் உட்கார்ந்தார்.

திருமூர்த்தி மட்டும் முன்னால் வந்தான். அவன் எதிலும் முன்ஜாக்கிரதையானவன்.

"ஏனுங்க, அந்தப் பஸ்ஸுக்குப் பின்னால கயிறு கட்டறதுக்குக் கொக்கி இருக்குமுங்களா?"