மிச்சம் நின்ற சித்தப்பா

அந்தக் காலத்தில் எண்களுக்கு வாயும் இருந்தது, வயிறும் இருந்தது. ஒவ்வோர் எண்ணும் ஒரு குடும்பம். பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு பேர் உள்ள வீடு.

அந்த ஊர் விருந்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு குடும்பம் பந்தியில் உட்கார்ந்தால் எல்லா வரிசையும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். ஒரே வரிசையாக நீட்டி உட்காரக் கூடாது, ஆளுக்கொரு வரிசையும் செல்லாது. இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது பேர் கொண்ட சொர்ணத்தாயி வீட்டுக்கு அதில் ஏகப்பட்ட கர்வம். இரண்டு வரிசையோ, ஏழோ, பத்தோ, எப்படிச் சொன்னாலும் கச்சிதமாக உட்கார்ந்துவிடுவார்கள்.

அடுத்த வீட்டு வெள்ளையம்மா குடும்பத்தில் ஓர் ஆள் கூடுதல். இரண்டிலிருந்து பத்து வரை எத்தனை வரிசை போட்டாலும் ஒண்டிக்கட்டை சித்தப்பா மட்டும் இலையும் கையுமாக நிற்பார். ஒருவர் நின்றாலும் வீட்டுக்கே பந்தி கிடையாது. அதற்கு மேல் போட்டாலும் கணக்கு நேராகாது.

“இன்றைக்கும் பட்டினியா வெள்ளையம்மா?” என்று சிரித்தாள் சொர்ணத்தாயி. “அந்த மனுஷனைக் கழற்றிவிடு. நீங்களும் எங்களைப்போல ஆகிவிடுவீர்கள்.”

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். “அவள் சொல்வது சரிதான் வெள்ளையம்மா. நான் கிளம்புகிறேன்.”

வெள்ளையம்மா துண்டைப் பிடித்து இழுத்தாள். “எங்கே கிளம்புகிறீர்? நீர் போனால் நாங்கள் நாங்களா? இன்னொரு சொர்ணத்தாயி வீடு எதற்கு? வாருங்கள் எல்லாரும்!”

மொத்தக் குடும்பமும் எழுந்து ஊர்வாசலுக்குப் போய்க் கஞ்சி காய்ச்சியது.

அப்போதுதான் வகுக்கும் பூதம் வந்தது. சமக் கூறுகளாகப் பிரித்துத்தான் அது எண்களைத் தின்னும். மிச்சம் விழுந்தால் தொண்டை அடைக்கும். மொத்தமாக விழுங்க வாய் போதாது, ஒவ்வொருவராகத் தின்றால் ருசிக்காது. வாசலை அடைத்து நின்றவர்களைத் தின்றால்தான் உள்ளே போக முடியும். உள்ளே ஊரே உட்கார்ந்திருந்தது.

“இரண்டாகப் பிரியுங்கள்!” சித்தப்பா மிஞ்சினார். “மூன்றாக!” சித்தப்பா. “பத்தாக!” சித்தப்பா மூக்கைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“யோவ், நீ எந்தப் பக்கம்?”

“நான் இந்த வீட்டு ஆள் சாமி.”

பதினொன்றில் இருவர் மிஞ்சினார்கள், பதின்மூன்றில் பன்னிருவர். ஐம்பது வரை பார்த்துவிட்டுப் பூதம் தரையில் உட்கார்ந்தது. அதற்கு மேல் கூறுகளைக் கூட்டினால், ஒரு கூறுக்கு ஐம்பது பேர்கூட வரமாட்டார்கள். அந்தக் கணக்கைத் தலைகீழாக, அத்தனை கூறுகளாகப் பிரித்து, ஏற்கெனவே பார்த்தாயிற்று. தொண்டையைத் தடவிக்கொண்டே வந்த வழியே போய்விட்டது.

கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த சொர்ணத்தாயி வெளியே வந்தாள். முதல் இலையைச் சித்தப்பாவுக்குப் போட்டாள்.

பகாதவர்கள், பகா எண்கள் என்று அந்த வீட்டுக்குப் பேர் வந்தது அன்று முதல்தான். உலகத்து ரகசியங்களைக் கணினியில் பூட்டுகிறவர்கள் இன்றைக்கும் அந்த வம்சத்தில் மிகப் பெரியவர்களைத் தேடிப் பிடித்துத்தான் காவலுக்கு நிறுத்துகிறார்கள்.