துளை போடாத வழக்கு

நெல்லிப்பாறைக் காட்டில் ஒரு நீதிமன்றம் இருந்தது, குழந்தைகளே. அதன் நீதிபதி ஒரு கரடி. "எழுத்தில் இல்லாததை என் காது கேட்காது" என்று அடிக்கடி சொல்லும் கண்டிப்பான கரடி.

குமாஸ்தா ஒரு முள்ளம்பன்றி. மனுவை வாங்கியதும் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கும். தாளின் மூலையில் துளை போடும். நூல் கோத்துக் கட்டாகக் கட்டிவிடும். துளை விழாத தாளை அது தாளாகவே மதித்ததில்லை.

அங்கே ஓர் அழுங்கு வழக்குப் போட்டிருந்தது. அழுங்கு தெரியும்தானே? உடம்பெல்லாம் செதில், எறும்புதான் சாப்பாடு, பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் சாதுப் பிராணி. அது இரை தேடப் போயிருந்த நேரத்தில் அதன் வளைக்குள் ஒரு நரி குடியேறிவிட்டது. "என் வீடாச்சே!" என்று அழுங்கு வாசலில் நின்று அழுதது. "கோர்ட்டுல போய்ச் சொல்லு" என்று நரி படுத்தபடியே பதில் சொன்னது.

வழக்கு நடக்கும்போதே அழுங்குக்கு ஒரு குட்டி பிறந்தது. இறக்கிவிட ஓர் இடமில்லை. குட்டியை வால்மேல் சுமந்துகொண்டே வாய்தா வாய்தாவாக அலைந்தது, பாவம்.

வழக்கு ஏன் முடியவில்லை தெரியுமா? விசாரணைக்கு முதல் நாள் நரி வந்து, "கட்டைக் கொஞ்சம் பார்க்கணும், குமாஸ்தா ஐயா" என்று பல்லிளிக்கும். முள்ளம்பன்றி துளை போடுவதில் மும்முரமாக இருக்கும்போது கட்டோடு நழுவிவிடும்.

மறுநாள் கரடி, "கட்டு எங்கே?" என்று கேட்கும்.

"காணோமே ஐயா!" என்று முள்ளம்பன்றி கையைப் பிசையும்.

"கட்டு இல்லாம வழக்கு ஏது? வாய்தா! ரெண்டு பேரும் புதுசா எழுதிக் கொடுங்க."

இப்படியே இரண்டு மழைக்காலம் போய்விட்டது.

அப்போது பெரிய காட்டிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. இனி வழக்குகள் எல்லாம் கணினியில்தான் நடக்க வேண்டுமாம். பாறைமேல் சூரியத் தகடு ஏறியது. கணினியும் பிரிண்டரும் வந்து இறங்கின.

முள்ளம்பன்றி கணினியை இரண்டு தடவை சுற்றி வந்து பார்த்தது. "ஐயா, இதுல துளை எங்கே போடறது?"

கரடிக்கும் மனசு வரவில்லை. "வழக்கத்தை ஒரே நாள்ல விட முடியுமா? கணினியிலயும் ஏத்து. ஒரு பிரதி எடுத்துக் கட்டியும் வை" என்றது.

இதைக் கேட்ட நரிக்கு ஒரே கும்மாளம்.

அது தன் பதிலைக் கொடுத்தது: 'இது என் பாட்டன் தோண்டிய வளை.' பதில் கணினியில் ஏறியது, பிரதி வந்தது, துளையும் விழுந்தது. விசாரணைக்கு முதல் நாள் கட்டு மாயமானது. வாய்தா!

நரி இரண்டாவது பதில் கொடுத்தது: 'போன தை மாதம் நானே என் கையால் தோண்டினேன்.' அந்தக் கட்டும் போயிற்று. வாய்தா!

மூன்றாவது பதில் இன்னும் உருக்கமாக இருந்தது: 'அழுங்கு அம்மாவே மனமுவந்து எனக்குக் கொடுத்தார்.' முன்னே சொன்ன எதையும் நரி நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும்? கட்டெல்லாம் தன் வளையில்தானே கிடக்கிறது!

ஐப்பசி பிறந்தது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இந்த மழையிலும் வெட்டவெளியில் கிடந்தால் குட்டி பிழைக்காது என்று அழுங்குக்குத் தெரியும்.

விசாரணை நாளும் வந்தது. "கட்டு எங்கே?" என்றது கரடி.

"காணோமே ஐயா!"

கரடி வாய்தா சொல்ல வாயெடுத்தது. இடி இடித்தது. வால்மேல் இருந்த குட்டி நடுங்கியது. நரியைக் கண்டதுமே சுருண்டு கிடந்த அழுங்கு, மெல்ல மெல்ல விரிந்து எழுந்து நின்றது.

"ஐயா, ஒரு சந்தேகம்" என்று கணினியைக் காட்டியது.

"சொல்லும்மா."

"காணாமப் போன கட்டு இந்தப் பெட்டியிலிருந்துதானே வந்துச்சு?"

"ஆமா."

"அப்போ கட்டு போனாலும் பெட்டிக்குள்ள இருக்கறது அப்படியே இருக்கும்தானே?"

கரடி முள்ளம்பன்றியைப் பார்த்தது.

"இருக்கா?"

"இருக்குங்க ஐயா. முதல் நாள்லேர்ந்தே இருக்கு."

"பின்னே ஏன்யா சொல்லலை?"

"அதுல துளை இல்லையே ஐயா!"

காடே சிரித்தது. கரடிக்கு வெட்கமாகப் போய்விட்டது. "நானும்தான் கேட்கலை" என்று ஒப்புக்கொண்டு, கணினியைத் தன் பக்கம் திருப்பியது. நரியின் பதில்கள் மூன்றும் தேதி வாரியாக வரிசையில் நின்றன. கரடி ஒவ்வொன்றாக உரக்கப் படித்தது. படிக்கப் படிக்க நரியின் வால் தொங்கிக்கொண்டே வந்தது.

"பாட்டன் தோண்டினாரா, நீ தோண்டினியா, இந்த அம்மா கொடுத்தாங்களா?"

"கடைசியாச் சொன்னதை வச்சுக்குங்க ஐயா. முந்தின ரெண்டையும் அழிச்சிடுங்க."

"இதுல ஏறினதை நீயும் எடுக்க முடியாது, நானும் எடுக்க முடியாது. பொழுது சாயறதுக்குள்ள வளையைக் காலி பண்ணு!"

முதல் தூறல் விழும்போது நரி மலைக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அழுங்கு தன் வளைக்குள் நுழைந்தது. பிறந்ததிலிருந்து அம்மாவின் வாலைத்தான் வீடென்று நினைத்திருந்த குட்டி, தயங்கித் தயங்கிக் கீழே இறங்கியது. காய்ந்த மண்ணில் கால் வைத்துப் பார்த்தது. பிறகு உள்ளே ஓடியது.

நீதி: பொய்யனுக்குப் பிறர் மறதியே பலம்; சொன்ன சொல் அழியாத இடத்தில் அவன் வாயே அவனைக் காட்டிக்கொடுக்கும்.